ஜெபித்த கைக்கு உள்ள கடன்

2023 ஜூன் மாதக் கடைசியில் பாளையங்கோட்டையில் நடந்ததை நெல்லைச் சீமைக் கிறிஸ்தவர்கள் எளிதில் மறந்துவிடக் கூடாது. தென்னிந்தியத் திருச்சபையின் திருநெல்வேலித் திருமண்டல அலுவலகத்தில் பட்டப்பகலில் ஒரு போதகர் தாக்கப்பட்டார். அந்தக் காட்சி ஊர் ஊராகக் கைபேசிகளில் ஓடியது. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் உட்படப் பலர்மீது வழக்குப் பதிவானது. குற்றம் யாருடையது என்று நீதிமன்றம் சொல்லட்டும். அது இங்கே பேச்சல்ல. சண்டை எதன்பொருட்டு என்பதே பேச்சு. விதவைக்கு யார் முதலில் உதவுவது என்று போட்டியிட்டுக் கைகலந்திருந்தால்கூட மன்னித்துவிடலாம். திருமண்டலத்தில் யார் கை ஓங்குவது, பள்ளிக்கூடங்களின் பொறுப்பு யாரிடம் இருப்பது என்ற பூசல் அது.

அதற்கு ஆறு மாதம் கழித்து, டிசம்பர் 17, 18 தேதிகளில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69. தாமிரபரணி இரு கரையும் கொள்ளாமல் ஓடியது. குளங்கள் உடைந்தன. ஏரல், ஆத்தூர், ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்து ஊர்கள் தீவு தீவாகப் பிரிந்து நின்றன. வாழைத் தோட்டங்கள் மூழ்கின, ஆடு மாடுகள் போயின, வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீரும் அது வடிந்தபின் முழங்காலளவு சேறுமாகக் குடும்பங்கள் தவித்தன. தவித்தவர்களுக்கு உறவும் சபையும் அனுப்பிய செய்தி பெரும்பாலும் ஒன்றுதான்: ஜெபம் பண்ணிக்கிடுதோம், கர்த்தர் பார்த்துக்கிடுவார்.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. இடுக்கணில் இருக்கிற உடன்விசுவாசிக்கு ஒரு கிறிஸ்தவன் பட்டிருக்கிற கடன் என்ன? அவனுக்காக முழங்கால் படியிட்டால் கடன் தீர்ந்ததா? அல்லது அவன் சுமையில் ஒரு பங்கைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டால்தான் தீருமா? தேவனை மாத்திரம் நம்பிப் பொறுமையோடு காத்திரு என்பது ஒரு நெறி. ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்க வேண்டும் என்பது இன்னொரு நெறி. இரண்டும் வேதத்தில் உண்டு. ஆனால் இரண்டும் ஒரே எடை கொண்டவை அல்ல. துணையாக இறங்கி வராத ஜெபம், ஜெபித்தவனுடைய மனச்சாட்சியை ஆற்றுமே தவிர, துன்பப்பட்டவனைத் தொடாது. சீஷத்துவம் என்பது சுமப்பதில் இருக்கிறது. ஜெபம் அந்தச் சுமைக்குத் தோளைப் பழக்குகிறது. இதில் தயங்க இடமில்லை.

வேதத்தை எடுத்துக்கொள்வோம். ஏசாயாவின் ஐம்பத்தெட்டாம் அதிகாரத்தில் உபவாசம் இருக்கும் ஜனங்கள் தேவனிடமே முறையிடுகிறார்கள்: நாங்கள் பட்டினி கிடந்தோமே, நீர் பார்க்கவில்லையே என்று. தீர்க்கதரிசி சொல்லும் பதில் கடுமையானது. தேவன் விரும்பும் உபவாசம், பசித்தவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்வதும், வீடற்றவனை உன் வீட்டுக்குள் சேர்ப்பதும், நுகத்தடியை முறிப்பதுமே. யாக்கோபு தம் நிருபத்தில் இன்னும் கண்டிப்பாகப் பேசுகிறார். உடுக்கத் துணியும் அன்றாட ஆகாரமும் இல்லாத சகோதரனைப் பார்த்து, வேண்டியது ஒன்றும் கொடுக்காமல் நல்வார்த்தை மட்டும் சொல்லி அனுப்புகிறவனுடைய விசுவாசம் செத்த விசுவாசம் என்கிறார். யாக்கோபு ஜெபத்தைக் குறைத்துப் பேசுகிறவர் அல்லர். அதே நிருபத்தின் முடிவில் வியாதிக்காரனுக்காக மூப்பர்கள் கூடி ஜெபிக்கும்படி சொல்கிறவரும் அவரே. கவனிக்க வேண்டியது, அங்கே மூப்பர்கள் வியாதிக்காரனிடத்திற்கு வருகிறார்கள்.

மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் கப்பர்நகூம் வீட்டு நிகழ்ச்சி எல்லாருக்கும் தெரிந்ததுதான். திமிர்வாதக்காரனை நாலு பேர் கட்டிலோடு தூக்கி வருகிறார்கள். வாசலில் கூட்டம். வழி விடச் சொல்லிக் கெஞ்சவில்லை, நாளைக்கு வரலாம் என்று திரும்பவுமில்லை. மேலேறி, கூரையைப் பிரித்து, கட்டிலை இறக்கினார்கள். ஆண்டவர் எதைக் கண்டார் என்று மாற்கு சொல்லும் இடத்தில் நின்று படிக்க வேண்டும். தூக்கி வந்தவர்களின் விசுவாசத்தைக் கண்டார். படுத்திருந்தவன் ஒரு வார்த்தை பேசியதாகக்கூட இல்லை. அவனுக்கு நம்பிக்கை இருந்ததா, அதுவும் அற்றுப்போயிருந்ததா, நமக்குத் தெரியாது. நம்பிக்கை தளர்ந்தவனுக்காக நாலு பேர் நம்பினார்கள். அந்த நம்பிக்கை தோளிலும் கையிலும் இருந்தது. துன்ப நேரத்தில் நம்பிக்கையைக் கட்டளையிடுகிறவர்கள், உனக்கு விசுவாசம் போதவில்லை என்று நோயாளியின் தலைமாட்டில் நின்று சொல்கிறவர்கள், இந்தக் கூரையடியில் வந்து நிற்க வேண்டும்.

இது கடல் கடந்து வந்த வேதத்தின் சொல் மட்டுமல்ல, இந்த மண்ணின் அறமும் இதுவே. வள்ளுவர் நட்புக்கு இலக்கணம் சொல்லும்போது, உடை நழுவும் கணத்தில் தானே விரைந்து போகும் கையைக் காட்டினார். அந்தக் கை ஆலோசனை கேட்டு நிற்பதில்லை. ஒப்புரவறிதல் என்று தனி அதிகாரமே வகுத்து, பேரறிவாளனுடைய செல்வம் ஊர் குடிக்கும் நீர்நிலை நிறைந்தது போன்றது என்றார். கடலில் மாய்ந்த இளம்பெருவழுதி, இந்த உலகம் இன்னும் நிலைத்திருப்பதற்குக் காரணம், அமிழ்தமே கிடைத்தாலும் தனித்து உண்ணாதவர்கள் இருப்பதுதான் என்று பாடிவிட்டுப் போனான். பாண்டியன் நெடுஞ்செழியனிடம் குடபுலவியனார், உணவு கொடுத்தவர்களே உயிர் கொடுத்தவர்கள் என்று துணிந்து சொன்னார். சாத்தனார் தம் காப்பியத் தலைவியின் கையில் அமுதசுரபியைக் கொடுத்து, அவள் அதைச் சிறைக்கோட்டத்துக்குக் கொண்டுபோகும்படி செய்தார். நூல் வேறு, சமயம் வேறு, காலம் வேறு, சொல்வது ஒன்றே. கிறிஸ்துவின் சீஷன் என்று பெயர் சொல்லிக்கொள்கிறவன் இவர்கள் வைத்த மட்டத்துக்குக் கீழே நிற்க நியாயம் ஏது?

திருநெல்வேலிச் சபையின் பிறப்பைப் பார்த்தாலும் விடை இதுதான். 1785இல் பாளையங்கோட்டையில் கிளாரிந்தா என்ற பிராமண விதவை கட்டிய சிறு ஆலயத்தோடு இச்சபையின் கதையைத் தொடங்குவது வழக்கம். கணவனை இழந்தவள், சாதியாரால் தள்ளப்பட்டவள், ஞானஸ்நானத்துக்குக்கூடப் பல ஆண்டு காக்க வைக்கப்பட்டவள். அவளைச் சுற்றி ஒரு சிறு கூட்டம் சேர்ந்தது. 1780இன் சபைப் பதிவேட்டில் இருந்தவர்கள் நாற்பது பேர். ஆனால் ஊர்ப்புறத்துச் சபையின் உண்மையான தொடக்கம் 1799இல் முதலூர். கிறிஸ்தவர்களானதால் சொந்த ஊரில் இருக்க முடியாமல் விரட்டப்பட்ட பனையேறிக் குடும்பங்களுக்காக உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் தேரிக்காட்டு ஓரத்தில் நிலம் தேடினார். அங்கே குடிசை போட்டார்கள், ஜெபிக்க ஓர் இடம் கட்டினார்கள், கிணறு வெட்டினார்கள். அவர்களும் ஜெபித்தவர்கள்தான். ஆனால் விரட்டப்பட்டவனுக்காக ஜெபித்துவிட்டு அவனை மரத்தடியில் விட்டிருந்தால் முதலூர் என்ற ஊரே இல்லை. பிறகு நாசரேத் முதலாக எத்தனையோ ஊர்கள் அதே வழியில் எழுந்தன.

மிஷனெரி ரேனியஸ் ஐயர் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். அவருடைய தமிழறிவையும் வேத மொழிபெயர்ப்பையும் எல்லாரும் புகழ்கிறார்கள். அதைவிடப் பெரிய காரியம் 1830இல் அவர் தொடங்கிய தர்ம சங்கம். மிராசுதாரர் இடத்தில் குடியிருந்தவன் வேதத்தில் சேர்ந்தால் மறுநாளே குடிசையைப் பிடுங்கிக்கொண்டு வெளியேற வேண்டியிருந்த காலம் அது. அந்தக் குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்கச் சபையாரிடமே பணம் திரட்டிய சங்கம் தர்ம சங்கம். சங்கத்துக்குக் கொடுத்தவர்களில் பலர் அன்றாடங்காய்ச்சிகள். நேற்று விரட்டப்பட்டவன் இன்று விரட்டப்பட்டவனுக்குக் கொடுத்தான். மக்கதோனியா நாட்டுச் சபைகள் கொடிய தரித்திரத்திலும் எருசலேமின் ஏழைகளுக்கு மனமுவந்து கொடுத்ததைப் பவுல் வியந்து எழுதுகிறாரே, அதே காரியம் தாமிரபரணிக் கரையிலும் நடந்தது. இன்றைக்கு நாம் ஆஸ்தியென்று கணக்கிட்டு வழக்காடும் மனைகளும் பள்ளிக்கூடங்களும் வேர் பிடித்தது இந்த ஏழைகளின் காசில்தான் என்பதை நினைத்தால், திருமண்டல அலுவலகத்து வாசலில் நடந்தது எவ்வளவு பெரிய அவமானம் என்று விளங்கும்.

சபைப் பூசல் புதிதல்ல என்று சொல்லி ஆறுதல் தேடுகிறவர்கள் உண்டு. உண்மைதான். 1835இல் ரேனியஸ் ஐயருக்கும் அவரை அனுப்பிய சங்கத்துக்கும் முறிவு ஏற்பட்டு, சபை இரண்டாகப் பிரிந்தது. 1838இல் அவர் இறக்கும்வரை அந்தக் காயம் ஆறவில்லை. ஆனால் அந்தப் பிரிவு குருப்பட்டம் கொடுக்கும் முறையைப் பற்றியது, மனச்சாட்சியைப் பற்றியது. பதவிக்காக எழுந்த பூசலுக்கு அதைச் சாட்சிக்கு அழைப்பது தகாது.

கைப்பிடி அரிசியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவாகாது. நெல்லைச் சபைப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் காரியம். உலை கொதிக்கிறது. வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணி, உழக்கால் அரிசியை அளந்து சுளகில் போடுகிறாள். கல் பொறுக்கிக் களைவதற்கு முன், அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து அடுப்படி மூலையிலிருக்கும் தனிக் கலயத்தில் போடுகிறாள். அரிசிப் பானையில் மிஞ்சியிருப்பதிலிருந்து எடுப்பதில்லை. அன்றைக்கு உண்ண அளந்ததிலிருந்து எடுக்கிறாள். அந்த ஒரு பிடி பெரும்பாலும் அவள் தட்டில்தான் குறையும், ஏனென்றால் கடைசியில் உண்கிறவள் அவள். ஞாயிற்றுக்கிழமை கலயத்தைப் பையில் கவிழ்த்துக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பொதுப் பெட்டியில் கொட்டுகிறாள். எந்தப் பிடி யாருடையது என்று அதன்பின் யாராலும் பிரிக்க முடியாது. சாறிபாத் ஊர் விதவை, பானையில் கடைசியாக இருந்த ஒரு பிடி மாவில் எலியாவுக்கு முதலில் அடை சுட்டுக் கொடுத்தாள் என்று வாசிக்கிறோம். அந்த விதவை நம் ஊர் அடுப்படிகளில் இன்னும் இருக்கிறாள். இறையியல் கல்லூரி எதிலும் படிக்காத இந்தப் பெண், ஜெபத்துக்கும் துணைக்கும் இடையில் எந்தச் சுவரும் இல்லை என்பதைத் தினமும் இரண்டு வேளை செய்து காட்டுகிறாள்.

வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா இந்தப் பிடியரிசியின் பிள்ளை. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் முன்னின்றவர். வெளிநாட்டுக் காசை நம்பாமல், நம் ஆட்கள், நம் பணம், நம் நிர்வாகம் என்று அந்தச் சங்கம் புறப்பட்டது. அதன் ஆட்கள் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குப் போனார்கள். 1912இல் அசரியா அங்கே பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவியேற்ற முதல் இந்தியர். தோர்ணக்கல்லின் சபையார் பெரும்பாலும் நிலமற்ற கூலிகள். அவர்களிடம் கொடுக்க என்ன இருக்கிறது என்று மற்றவர்கள் நினைத்தபோது, கொடுப்பது ஏழைக்கும் உரிய மாண்பு என்று அசரியா கற்பித்தார். வாங்கும் கையாக மட்டுமே ஒரு மனிதனை வைத்திருப்பது அவனை அவமதிப்பது என்பது அவர் கருத்து. எடின்பரோவில் 1910இல் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் வெள்ளைக்காரக் குருமார்களை நேருக்கு நேர் பார்த்து, நீங்கள் எவ்வளவோ கொடுத்தீர்கள், இனி நட்பைத் தாருங்கள் என்ற பொருளில் அவர் பேசியது அன்று பலரைச் சுட்டது. மேலிருந்து இரங்குவதையும் பக்கத்தில் நின்று சுமப்பதையும் பிரித்துக் காட்டிய பேச்சு அது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அவனவன் தன் தன் பாரத்தைச் சுமப்பான் என்பதும் கலாத்தியருக்கு எழுதிய அதே நிருபத்தில், அதே அதிகாரத்தில், சில வரிகள் தள்ளி இருக்கிறது. வேலை செய்ய மனமில்லாதவன் சாப்பிடவும் வேண்டாம் என்று தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதியிருக்கிறார். உதவியே பழக்கமாகிவிட்டால் முதுகெலும்பு வளையும் என்ற அச்சம் நியாயமானது. 1877இன் தாது வருஷப் பஞ்சத்தில் பல்லாயிரம் பேர் சபைகளில் வந்து சேர்ந்தபோது, சோற்றுக்காகச் சேர்ந்தவர்கள் என்ற பழி எழுந்தது. அந்தப் பழி இன்றும் ஓயவில்லை. ஆனால் அந்தப் பஞ்ச காலத்தில் நாசரேத்தில் மர்காஷிஸ் ஐயர் அநாதைப் பிள்ளைகளைச் சேர்த்து, சோறு போட்டதோடு நிறுத்தாமல், 1878இல் கைத்தொழில் பள்ளியும் தொடங்கினார். தச்சும் தையலும் கற்ற பிள்ளை யாரிடமும் கையேந்தவில்லை. அப்பம் தின்று திருப்தியானதற்காகவே என்னைத் தேடுகிறீர்கள் என்ற பொருள்பட ஆண்டவரும் ஜனங்களைக் கடிந்துகொண்டது உண்டு. ஆனால் அப்பம் கொடுத்த பிறகே கடிந்துகொண்டார். கொடுக்காமல் கடிந்துகொள்ளும் உரிமையை அவர் யாருக்கும் தரவில்லை.

தோனாவூரைச் சுட்டுகிறவர்கள் இன்னும் வலுவான வாதத்தோடு வருவார்கள். ஆமி கார்மைக்கேல் அம்மையார் மனிதரிடம் பணம் கேட்பதில்லை, தேவனிடம் மாத்திரம் சொல்வது என்ற வைராக்கியத்தோடு அங்கே நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வளர்த்தார். இது தனித்த நம்பிக்கைக்குச் சாட்சி அல்லவா என்று கேட்பார்கள். சாட்சிதான். ஆனால் அந்த வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். அக்காள்மாரும் சித்திமாரும் விடியலுக்கு முன் எழுந்து பால் காய்ச்சினார்கள், துணி துவைத்தார்கள், காய்ச்சல்காரப் பிள்ளையை மடியில் வைத்து இரவெல்லாம் விழித்திருந்தார்கள். 1931இல் கீழே விழுந்து அடிபட்ட அம்மையார் 1951இல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அறைக்குள்ளேயே கிடந்தார். அந்த இருபது ஆண்டும் அவரைத் தூக்கி உட்கார வைத்த கைகள் அந்தக் குடும்பத்தின் கைகளே. கேட்காமலிருப்பது துன்பப்படுகிறவன் எடுக்கக்கூடிய தீர்மானம். அவன் கேட்கவில்லை என்பதைச் சாக்காக வைத்துக் கொடுக்காமலிருக்க மற்றவர்களுக்கு உரிமையில்லை.

கெத்செமனே தோட்டத்தை நினைத்தால் இந்த வழக்கு முடிந்துவிடும். பிதாவின்மேல் குமாரனுக்கு இருந்ததைவிடப் பெரிய நம்பிக்கை யாருக்கு இருந்தது? அவரே அந்த இரவில் மூன்று பேரைக் கூட அழைத்துப்போய், என்னோடு விழித்திருங்கள் என்று கேட்டார். அவர்கள் தூங்கிப்போனார்கள். திரும்பி வந்து பார்த்தவருடைய வருத்தம் சுவிசேஷத்தில் மறைக்கப்படவில்லை. தேவனை நம்புகிறவனுக்கு மனிதத் துணை எதற்கு என்று பேசுகிறவர்கள் அவரைவிடப் பெரிய விசுவாசிகளா? யோபுவின் சிநேகிதர்கள்கூட முதல் ஏழு நாள் நல்லதைத்தான் செய்தார்கள். சாம்பலில் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமலிருந்தார்கள். அவன் துன்பத்துக்குக் காரணம் சொல்ல வாயெடுத்தபோதுதான் தேவகோபத்துக்கு ஆளானார்கள். வெள்ளத்தில் வீடிழந்தவனிடம் போய், இதுவும் உன்னைப் புடமிடத்தான் என்று சொல்லத் தோன்றினால், அந்த நேரத்தில் ஒரு மண்வெட்டியை எடுத்துச் சேற்றை வாரிக் கொட்டுவது மேல்.

ஒருவர் பாரத்தை ஒருவர் என்று சொல்லும்போது அந்த ஒருவர் யார்? இதில் நம் சபைகளின் கணக்கு சுத்தமாக இல்லை. ராதாபுரம் பக்கத்து வடக்கன்குளத்தில் 1872இல் கட்டப்பட்ட கத்தோலிக்க ஆலயம், சாதிக்கொரு பக்கமாக மக்கள் அமர இரு கிளையாகப் பிரிந்து, நடுவே சுவரோடு நின்றது. ஒரே பீடம், ஒரே அப்பம். ஆனால் இந்தப் பக்கத்தான் முகத்தை அந்தப் பக்கத்தான் பார்க்க முடியாது. 1910இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. இடித்ததை எதிர்த்து வழக்கு, சென்னை உயர்நீதிமன்றம்வரை போனது. கல்லும் சுண்ணாம்புமான அந்தச் சுவர் போய் நூறு ஆண்டுக்கு மேலாகிவிட்டது. சேகரத் தேர்தல் வந்தால், யார் எந்தச் சாதி, எந்த ஊர், எந்த அணி என்று தலை எண்ணுகிற பழக்கம் போகவில்லை. தேர்தலில் பிரிந்த சபை வெள்ளத்தில் எப்படி ஒன்றுகூடும்? நிவாரண அரிசியை இறக்கும்போது எந்தத் தெருவுக்கு முதலில் என்ற கேள்வி எழுகிறதே, அந்தக் கேள்விக்குள் வடக்கன்குளத்துச் சுவர் அப்படியே நிற்கிறது.

அதே வெள்ளத்தில், டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. நிறுத்தியவர் நிலைய அதிகாரி ஜாபர் அலி. முன்னால் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. வண்டி போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது. வண்டியில் சுமார் எண்ணூறு பேர். அவர்களில் பெரும்பகுதியினர் நாலுபுறமும் தண்ணீர் சூழ இரண்டு நாள் அங்கேயே அகப்பட்டுக் கிடந்தார்கள். பக்கத்துப் புதுக்குடி ஊரார் தங்களிடமிருந்த அரிசியை எடுத்துப் பொங்கி, அந்த முகம் தெரியாத ஜனங்களுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். எந்த ஊர், என்ன சாதி, எந்த வேதம் என்று கேட்கவில்லை. எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனை ஆசாரியனும் லேவியனும் விலகிப் போக, சமாரியன் தூக்கிப்போன கதையை ஞாயிறு பள்ளியில் மனப்பாடமாகச் சொல்கிறோம். அந்தக் கதையின் முள் நம்மைக் குத்துகிறதா? கதையில் விலகிப் போனவர்கள் ஆலயத்துக்கு உரியவர்கள்.

வெள்ளம் வடிந்துவிட்டது. வடியாத துன்பமும் அதே தாமிரபரணியின் தலைமாட்டில் இருக்கிறது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் பாம்பே பர்மா நிறுவனம் தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த காட்டில் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. நாலு தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களை 2024இல் விருப்ப ஓய்வு என்ற பெயரில் கணக்குத் தீர்த்து மலையிறங்கச் சொன்னார்கள். காட்டுக்கும் நியாயம் உண்டு, சட்டத்துக்கும் இடம் உண்டு. அதை வேறிடத்தில் பேசலாம். அந்தத் தோட்டங்களில் தேவாலயமும் உண்டு, கோயிலும் உண்டு. வேறு தொழில் தெரியாத, கீழே சொந்த வீடில்லாத குடும்பம் ஒன்று மணிமுத்தாற்றிலோ அம்பாசமுத்திரத்திலோ வந்து வாடகைக்கு வீடு தேடும்போது, அந்த ஊர்ச் சபை செய்ய வேண்டியது என்ன? வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ஜெபக் குறிப்பாக அவர்கள் பெயரை வாசிப்பது நல்லது. அதே வெள்ளிக்கிழமை சாயங்காலம், சபையில் நாலு வீட்டுக்காரர்கள் முன்பணம் வாங்காமல் வீடு கொடுக்க முன்வர வேண்டும். பிள்ளைகளைச் சபைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். ஐம்பது வயதில் புது வேலை தேடுகிறவனுக்காக, ஒரு கடைக்காரர் இன்னொரு கடைக்காரரிடம் போய்ப் பேச வேண்டும். இவ்வளவும் செய்துவிட்டு ஜெபியுங்கள். அப்பொழுது ஜெபத்தில் என்ன கேட்பது என்றே உங்களுக்குத் தெளிவாகத் தெரியும்.

இந்தத் துணை ஊரில் தழைக்க வேண்டுமானால் ஒன்று வேண்டும், அது நம்பகம். பிடியரிசி போடுகிறவள் அது எங்கே போகிறது என்று அறிய உரிமையுள்ளவள். சபையின் பொதுவிருந்தான அசனத்துக்கு ஊரெல்லாம் அரிசியும் கிடாயும் அனுப்புகிறது. அங்கே பெரிய அண்டாக்களில் சோறு வெந்து, பணக்காரனும் பரம ஏழையும் ஒரே சோற்றை ஒரே கறிக்குழம்பில் பிசைந்து உண்கிறார்கள். அந்த அசனத்தில் கணக்கைப் பற்றி யாரும் சந்தேகப்படுவதில்லை, ஏனென்றால் கொடுத்தது கண்ணெதிரே இலையில் விழுகிறது. மற்றக் காணிக்கைகளுக்கும் அந்தத் தெளிவு வேண்டும். பவுல் எருசலேமின் ஏழைகளுக்குப் பணம் திரட்டியபோது, தாம் தனியே சுமந்துகொண்டு போகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஆளையும் கூட அனுப்பினார். இந்தத் தர்மப் பணத்தில் யாரும் எங்கள்மேல் குற்றம் சொல்ல இடம் இருக்கக் கூடாது, கர்த்தர் முன்பாக மட்டுமல்ல, மனிதர் முன்பாகவும் யோக்கியமாக இருக்க வேண்டும் என்ற கருத்தை வெளிப்படையாக எழுதினார். அப்போஸ்தலனுக்கே தேவைப்பட்ட காவல் இன்றைய தாளாளருக்கும் பொருளாளருக்கும் தேவையில்லையா? கோபுரம் எழுப்பவும் மணிக்கூண்டுக்கு வண்ணம் பூசவும் நிதி திரட்டும் சேகரம், தன் எல்லைக்குள் எத்தனை விதவைகள், எத்தனை படுக்கை நோயாளிகள் என்ற பட்டியலைக் கையில் வைத்திருக்கிறதா? அந்தப் பட்டியல் ஐயர் மேசையில் இல்லையென்றால் கோபுரத்துக்கு முன் அது எழுதப்பட வேண்டும்.

எருசலேமின் முதற்சபையிலும் பூசல் வந்தது. அப்போஸ்தலர் நடபடிகளின் ஆறாம் அதிகாரம் அதை ஒளிக்கவில்லை. அன்றாடப் பந்தியில் எபிரெய விதவைகள் கவனிக்கப்பட்டார்கள், கிரேக்க மொழி பேசும் விதவைகள் விடப்பட்டார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தது. சாதிச் சண்டை என்றே சொல்லிவிடலாம். அப்போஸ்தலர் முறுமுறுத்தவர்களை அடக்கவில்லை, ஆள் வைத்து மிரட்டவில்லை, வேறு சபையில் போய்ச் சேர்ந்துகொள் என்றும் சொல்லவில்லை. சபையார் எல்லாரையும் கூட்டி, நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தெரிந்தெடுங்கள் என்றார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். விடப்பட்டவர்களின் பக்கத்து ஆட்களிடமே மொத்தப் பந்தியையும், எபிரெய விதவைகளின் பங்கையும் சேர்த்து, நம்பி ஒப்படைத்தார்கள். அந்த ஏழு பேரில் முதல்வன் அடுத்த அதிகாரத்திலேயே கல்லெறியுண்டு செத்தான். திருநெல்வேலித் திருமண்டலத்திலும் அதன் அண்டைத் திருமண்டலங்களிலும் வெள்ள நிவாரணத்துக்கு என்று வாங்கிய பணமும், விதவைகளுக்கு என்று ஒதுக்கிய பணமும் அப்படி ஏழு பேர் கைக்குப் போகட்டும். ஏரலில் கடை போனவரும், மாஞ்சோலையிலிருந்து இறங்கியவரும், தேர்தலில் தோற்ற அணியைச் சேர்ந்தவரும், கைப்பிடி அரிசி போடும் பெண்ணும் அந்த ஏழில் இருக்கட்டும். பந்தி விசாரிக்க அவர்கள் ஜெபத்தோடு நியமிக்கப்படட்டும், எருசலேமில் செய்ததுபோலத் தலையில் கை வைத்து.